கூடையில் ஒரு நாற்காலி

வாயில் பிரஷ்ஷும் நுரையுமாகக் குளியலறை வாசலில் நின்றபடியே அவர் முதலில் திறப்பது விளம்பர மின்னஞ்சல்களைத்தான். மேலாளர் ‘அவசரம்’ என்று எழுதியது ஒரு பக்கம் காத்துக் கிடக்கும். காலுறை விற்கிற இணையக் கடை “நாம் பேசி எத்தனை நாளாகிவிட்டது” என்று உருகுவதை இவர் நிதானமாகப் படித்து, கண்ணாடியில் நுரை தெறிக்கச் சிரிப்பார். “பேசி நாளாச்சாம். நான் எப்பய்யா உன்கிட்ட பேசினேன், ஒரு ஜோடி சாக்ஸ் வாங்கினேன், அவ்வளவுதானே” என்பார், போனைப் பார்த்து.

தொழில், நிரல் எழுதுவது. மருத்துவமனைகளில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று கணக்கு வைக்கும் நிரல். வலைப்பூ தொடங்கியதும் அதைப் பற்றி எழுதத்தான். ஒரே மருந்தை இரண்டு பேர் ஒரே நொடியில் எடுத்தால் கணக்கு எப்படித் தப்பும் என்று படம் போட்டு நீளநீளமாக விளக்குவார். அலுவலக நண்பர் ஒருவர் படித்தார். அவரும் பாதியில் நிறுத்திவிட்டதாகப் பிறகு ஒப்புக்கொண்டார்.

அப்புறம் ஒரு தலையணைக் கடையிலிருந்து, “அன்புள்ள முதற்பெயர் அவர்களே, உங்களை எங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?” என்று ஒரு கடிதம் வந்தது. பெயர் வரவேண்டிய இடத்தில் பெயரை நிரப்ப யாரோ ஒரு நிரலர் மறந்திருக்கிறார். இவர் அதை அப்படியே தமிழில் பெயர்த்து, கீழே நாலு வரி பதிலும் எழுதிப் போட்டார். மறுநாள் வலைப்பூவில் ஊரே கூடிவிட்டது. அன்றிலிருந்து வாசகர்களுக்கு அவர் ‘முதற்பெயர்’. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

கடைகளின் குழைவு தமிழுக்கு வந்தால்தான் சாயம் வெளுக்கும் என்பது அவர் கட்சி. பேசாத கடையைப் பேச வைக்கவும் ஒரு வழி வைத்திருக்கிறார். அதன் இணையப் பக்கத்தில் ஒரு பொருளை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டுக் காசு கட்டாமல் வந்துவிடுவார். மறுநாளே பின்னாலேயே ஓடி வரும் கடிதம்.

அந்த நாற்காலி மட்டும் விளையாட்டுக்குப் போட்டதல்ல. மாமனார் போன பிறகு மாமியார் தனி வீட்டில் இருந்தார். வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சையும் ஆனபின், இனி இங்கேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. இருக்கை உயரமாக வேண்டும், ஊன்றி எழக் கைப்பிடி வேண்டும் என்றார் மருத்துவர். வீட்டு சோபாவோ புதைகுழி. உட்கார்ந்தவரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மனைவி தேடித்தேடி ஒரு நாற்காலியைப் பிடித்து, இவர் கணக்கில் கூடையில் போட்டு, காசைக் கட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் படுத்தார். இவர் கட்டவில்லை. பழக்கதோஷம்.

“நீங்கள் தேர்ந்தெடுத்த நாற்காலி கூடையில் தனியாக இருக்கிறது” என்று காலையில் கடிதம். “தனியாகத்தான் இருக்கிறதா, இல்லை பக்கத்துக் கூடை முக்காலி வந்து பேசிக்கொண்டிருக்கிறதா, விசாரித்துச் சொல்லவும்” என்று இவர் எழுதிப் போட்டார்.

அன்று மாலை, வலைப்பூவைப் படித்துவிட்டு மாமியாரே அழைத்தார். மாமனார் போனதிலிருந்து அவர் தாமாகப் போன் செய்ததில்லை. இவர்கள் அழைத்தாலும் “சாப்பிட்டேன்”, “சரி”, அதோடு முடிந்துவிடும்.

“மாப்பிள்ளை, அந்த முக்காலி யாரு?” என்று கேட்டுவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. போனைப் பிடித்திருந்த மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் காசைக் கட்ட இவருக்கு எப்படிக் கை வரும்? நாற்காலி உங்களை விசாரித்தது என்று ஒரு கடிதம். நாற்காலிக்காக விலையைக் குறைத்திருக்கிறோம் என்று இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் மாமியாரிடமிருந்து போன். நாற்காலி யாருக்கென்று அவருக்குத் தெரியாது. “வாங்கிடாதீங்க மாப்பிள்ளை, வாங்கிட்டா அது வாயை மூடிக்கும்” என்றார்.

மனைவிக்குப் பொறுமை போயிற்று. “அம்மா சிரிக்கட்டும், நான் வேணாங்கல. ஞாயித்துக்கிழமை வந்து எதுல உக்காருவாங்க? உங்க முக்காலியிலயா?”

இன்னும் ஒன்றே ஒன்று வரட்டும் என்றார் இவர். வந்ததும் காசைக் கட்டிவிட்டால் இரண்டே நாளில் நாற்காலி வீட்டில் இருக்கும். ‘இரண்டே மீதம், இதுவே கடைசி வாய்ப்பு’ என்று கடை எச்சரித்ததைச் சட்டை செய்யவில்லை. “எங்க மருந்துக் கணக்குல ரெண்டுன்னா ரெண்டு. இவங்க ரெண்டுன்னா இருநூறு. அதை எழுதுறதே என்னை மாதிரி ஒருத்தன்தான், எனக்குத் தெரியாதா?”

வியாழக்கிழமை காலை இரண்டு வரியில் ஒரு கடிதம் வந்தது. நீங்கள் தேர்ந்தெடுத்த பொருள் விற்றுத் தீர்ந்துவிட்டது. உங்கள் கூடை காலியாக உள்ளது. குழைவு இல்லை, உருக்கம் இல்லை. வாயில் நுரையோடு இரண்டு தடவை படித்தார். போனை மனைவியிடம் நீட்டினார்.

அவர் படித்துவிட்டு, “இதுக்குச் சிரிப்பு வரலையே” என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

மற்ற இணையக் கடைகள் அடுத்த வாரம் என்றன. வெள்ளி மாலை இவர் கடைத்தெருவில் மூன்று கடை ஏறி இறங்கினார். ஒன்றில் இருக்கை பள்ளம், இன்னொன்றில் கைப்பிடியே கிடையாது. கடைசிக் கடையில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்ததைப் பார்த்த விற்பனையாளர், மூலத்துக்கு ஒரு நல்ல மெத்தை இருக்கிறது என்று தணிந்த குரலில் சொன்னார். அதைக்கூட அவர் வலைப்பூவில் எழுதவில்லை. சனி காலை மாமியார் அழைத்து, “என்ன, நாற்காலி ரெண்டு நாளா ஒண்ணும் எழுதல?” என்று கேட்டார். “நாளைக்கு நேர்ல சொல்றேன் அத்தை” என்று வைத்துவிட்டார்.

பிறகு உள்ளறைக்குப் போய், தான் உட்கார்ந்து நிரல் எழுதுகிற, சக்கரம் வைத்த சுழல் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து கூடத்தில் கவிழ்த்துப் போட்டார். ஐந்து சக்கரங்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இருக்கை சுழலாதபடி அடியில் ஒரு கட்டையை முடுக்கிக் கயிற்றால் இறுக்கினார். நிமிர்த்தி, உயரத்தை ஏற்றி, சன்னலோரம் சுவரை ஒட்டி வைத்தார். மனைவி அடுக்களை வாசலில் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

இவர் அதில் உட்கார்ந்தார். வலது காலை நீட்டிக்கொண்டு, அதை ஊன்றாமல், இரண்டு கைப்பிடிகளையும் அழுத்தி மெல்ல எழுந்தார். நாற்காலி லேசாக ஆடியது. குனிந்து கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கிவிட்டு, மறுபடி உட்கார்ந்து, வலது காலை நீட்டினார்.