காலை உடைத்துக்கொள்ளச் சொன்ன தார்ன்லி

பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதித் தரும் கபித்தலீனாவுக்கு ஐம்பத்திரண்டாம் வயதில் இங்கிலீஷ் பைத்தியம் பிடித்தது. சும்மா பிடிக்கவில்லை. ரஷ்யாவின் சரத்தோவ் நகரில் வோல்கா ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவள், அந்த ஆறு கடலில் சேரும் இடத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கப்பலில் டிக்கெட் எடுத்துப் போக வக்கில்லை. இங்கிலீஷ்காரப் பயணிகளுக்கு வழிகாட்டியாகச் சேர்ந்தால் சம்பளமும் கொடுத்துக் கூட்டிப்போவார்கள். சாவதற்குள் கடலைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

இங்கிலீஷ்காரன் பேச்சில் பாதி மரபுத்தொடராமே! ஒவ்வொன்றையும் துண்டுக் காகிதத்தில் எழுதி, அதற்கு ஈடான ரஷ்யத் தொடரைக் கீழே எழுதி, சமையலறை அலமாரி முழுக்க ஒட்டினாள். சர்க்கரை டப்பா எங்கே என்று தேட வேண்டியதாயிற்று.

"கப்பா, உனக்கு அந்த வேலை எப்போ கிடைக்கும் தெரியுமா? மலை மேல நண்டு விசிலடிக்கும்போது!" என்றான் புருஷன் எர்மொலாய்.

"நடக்காத காரியத்தை இங்கிலீஷ்காரன் 'பன்னி பறக்கும்போது'ன்னு சொல்லுவான். திட்டுறதையாவது ஒழுங்காத் திட்டு."

"நண்டோ பன்னியோ, சூப்புல உப்பு இல்லடி!"

தேர்வு கப்பலிலேயே நடந்தது. மேல்தளத்தில் உட்கார்ந்திருக்கும் பயணிகளிடம் மைக்கைப் பிடித்து ஊரைப் பற்றிப் பேச வேண்டும். தேர்ந்தெடுப்பவர் தார்ன்லி என்ற இங்கிலீஷ்காரர். நல்ல மனுஷன். படியேறப் போனவளைப் பார்த்துச் சிரித்து, "காலை உடைச்சுக்கோங்க!" என்றார்.

கபித்தலீனாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடடே, அலமாரிக் கதவில் ஒட்டியதாயிற்றே! வாழ்த்தினால் கண் பட்டுவிடும் என்று பயந்து தலைகீழாக வாழ்த்துவது. வேட்டையில் ஒன்றும் சிக்காமல் போகட்டும் என்று நம் ரஷ்யாவில் 'தூவியும் வேண்டாம், இறகும் வேண்டாம்' என்போமே, அதேதான்.

ஆனால் நம் ஊரில் அதற்கு ஒரு பதிலும் உண்டே! பரீட்சைக்குப் போகும் பிள்ளை, வாழ்த்தியது பெற்ற தாயாகவே இருந்தாலும் 'பிசாசுகிட்டப் போ!' என்று கத்த வேண்டும். மறந்துபோய் நன்றி சொன்னானோ, காரியம் கெட்டது. தாயே தலையில் ஒரு குட்டு வைப்பாள். இங்கிலீஷ்காரன் என்ன பதில் சொல்வான் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை, பாவிகள்! நன்றி சொல்லித் தொலைத்தால் கடல் போச்சு.

"பிசாசுகிட்டப் போ!" என்று நல்ல இங்கிலீஷில், தார்ன்லியின் மூக்குக்கு நேரே கத்தினாள். போதாக்குறைக்கு இடது தோளுக்குப் பின்னால் தூ, தூ, தூ என்று மூன்று முறை துப்பினாள். பின்னால் நின்றிருந்த கப்பல் சமையல்காரர் நம் ஊர்க்காரர். "அதான் சரி" என்று சட்டையைத் துடைத்துக்கொண்டார்.

தார்ன்லியின் முகம் வெந்த பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. என்றாலும் ஏறினாள், பேசினாள். பயணிகள் கைதட்டியதுகூடக் காதில் விழவில்லை. இறங்கி வந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"சார், உங்களைத் திட்டலை சார். அப்படிச் சொல்லலைன்னா எங்க ஊர்ல காரியமே நடக்காது. எனக்குக் கடலைப் பார்க்கணும் சார்!"

தார்ன்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"அம்மா, காலையிலேர்ந்து வந்தவங்க எல்லாரும் புத்தகம் மாதிரி நன்றி சொன்னாங்க. என் பயணிகள் ரஷ்யாவைப் பார்க்கத்தான் காசு கட்டியிருக்காங்க. நீங்களே வாங்க. நாளைக்குக் கப்பல் கிளம்புது, கடல் வரைக்கும்." கையைப் பிடித்துக் குலுக்கி, வேண்டுமென்றே கண்ணடித்தார். "காலை உடைச்சுக்கோங்க!"

கபித்தலீனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்போது இவர் முதலாளி. சொன்னால் மரியாதை இல்லை, சொல்லாவிட்டால் கடல் இல்லை. கைப்பையை மார்போடு அணைத்து, தலை குனிந்து, ரொம்பப் பணிவாகச் சொன்னாள்:

"பிசாசுகிட்டப் போங்க, ஐயா."