மூடி மாறிய முறுக்குப் பாட்டு

போன வாரம் பக்கத்து வீட்டு ஐஸ்பெட்டியின் முன்னால் நின்றபோது எனக்கு வியர்த்துக் கொட்டியது. சிரிக்காதீர்கள். முழுக்கதையையும் கேட்டால் உங்களுக்கும் வியர்க்கும்.

லிம் அம்மாவிடம் இரவல் வாங்கிய கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். எங்கள் அடுக்குமாடியில் அவருக்கும் எனக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். மனுஷி என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனார். “பாருங்க, எவ்ளோ அழகு! தூக்கிப் போட மனசே வரல லா!” என்றார் மலாய் மொழியில். ஐஸ்பெட்டிக் கதவில், காந்தத்துக்கு அடியில், தாமரை வடிவத்தில் வெட்டிய மணிலா அட்டை. நாங்கள் முறுக்குப் போத்தலின் மூடியில் ஒட்டி அனுப்பியது. அதில் என் மகள் கயலின் குண்டு குண்டான கையெழுத்து:

*சிம்பாங் அம்பாட்டுச் சீமாட்டி எங்களக்கா –*
*தெம்பாகக் கடித்திடவே தேன்குழல் வருகுதக்கா!*

ஐயோ! இது லிம் அம்மாவுக்கு எழுதிய பாட்டே இல்லையே! பத்மா அக்காவுக்கு எழுதியதல்லவா? இது இங்கே இருந்தால்... அக்காவுக்குப் போனது எது?

கொஞ்சம் பின்னால் போவோம்.

பத்மா அக்கா என் கணவரின் ஒரே அக்கா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிம்பாங் அம்பாட்டில் புது வீடு வாங்கிப் பால் காய்ச்சினார். தாய்வீட்டுச் சீரோடு தம்பி பக்கத்தில் நிற்க, பால் பொங்க வேண்டும் – அதுதான் அவர் ஆசை. நாங்களும் சீர்த்தட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு இருட்டிலேயே கிளம்பிவிட்டோம். எங்கள் தீவிலிருந்து அவர் ஊருக்குப் போகும் கடற்பாலத்தின் நடுவில் ஒரு லாரி படுத்துவிட்டது. நல்ல நேரம் எங்களுக்காகக் காத்திருக்குமா? போய்ச் சேர்ந்தபோது பால் பொங்கி, அடுப்பும் அணைந்திருந்தது. “எனக்குத் தம்பியே இல்லன்னு நெனச்சுக்கறேன்” என்றார் அக்கா. அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

அவர் என்ன வீம்புக்காரர் என்று கேட்காதீர்கள். அம்மா அப்பா இல்லாத வீட்டில் அக்காதான் இவருக்கு எல்லாம். இரண்டு தீபாவளிக்கும் இவர் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் அக்காவிடமிருந்து போன் வந்தது. “முறுக்கு சுட்டா எனக்கும் ஒரு போத்தல் அனுப்பு லா.” அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்த மனிதர் நேரே சமையலறைக்கு வந்து, சொல்லாமலே மாவு சலிக்க உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் முறுக்கு சுடுவதற்கு ஒரு சட்டம் உண்டு. அச்சைப் பிழிகிறவர் பாட்டின் முதல் வரியைச் சொல்ல வேண்டும். பிழிந்தது எண்ணெயில் சிவப்பதற்குள் வேறொருவர் அதே எதுகையில் இரண்டாம் வரியைச் சொல்லி முடிக்க வேண்டும். யாருக்கும் வரவில்லையா? அடுத்த ஈட்டுக்கு அச்சு அவர்கள் கையில்! மணிக்கட்டு கழன்று போகும் வேலை அது. பள்ளியில் எதுகை, மோனை என்றால் கொட்டாவி விடும் கயல், மணிக்கட்டைக் காப்பாற்றிக்கொள்ள என்னமாய்ப் பாட்டுக் கட்டுகிறாள் தெரியுமா? தேறிய பாட்டை அட்டையில் எழுதி, தாமரையாக வெட்டி, சிவப்பு மூடியில் ஒட்டுவதும் அவள்தான்.

இந்த முறை பாட்டு ஒட்டியது மூன்றே போத்தல்களுக்கு. ஆபீசுக்குப் போகும் மற்றவற்றுக்கு வெறும் பெயர் போதாதா? அக்காவுக்கு அந்தச் சீமாட்டிப் பாட்டு. லிம் அம்மாவுக்கு,

*பக்கத்து வீட்டம்மா பல்லுக்கு நோகாமல்*
*பக்குவமாய்ச் சுட்டிருக்கோம் பலகாரம் சாப்பிடுங்க!*

தமிழ் தெரியாதவருக்கு எதற்குப் பாட்டு என்கிறீர்களா? கயல் வாயால் அர்த்தம் சொல்லிவிடுவாள்... சொல்லியிருக்க வேண்டும். ஒரு கையில் போன் இருந்ததால் மறு கையால் பையை நீட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

மூன்றாவது எங்கள் வீட்டுக்கே வைத்துக்கொள்ளும் போத்தல். அதற்கு எப்போதும் ஒரு நக்கல் பாட்டு. நாங்களே படித்து நாங்களே சிரித்துக்கொள்ள. அன்று அச்சு என் கையில் இருந்தது. வாய் சும்மா இருக்குமா?

“பால்பொங்கும் முன்னாலே பத்மாக்கா பொங்கிடுவார்...” என்று எடுத்துவிட்டேன்.

கயல் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் என் கணவர், எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் முடித்தார்:

“பாலத்தில் ஜாமென்றால் பாலத்தை ஏசிடுவார்!”

அப்புறம் பாருங்கள், அவர் சிரித்த சிரிப்பு! இரண்டு வருஷத்துச் சிரிப்பு மொத்தமும் அன்றைக்குத்தான் வந்தது. கரண்டியைப் பிடித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த மூடிதான் இப்போது சிம்பாங் அம்பாட்டில்! லிம் அம்மா வீட்டிலிருந்து ஓடிவந்து எங்கள் அலமாரியைத் திறந்தேன். உள்ளே, ‘பக்கத்து வீட்டம்மா’ பாட்டோடு எங்கள் போத்தல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. சந்தேகமே இல்லை.

“என்னங்க, மூடியைத் திறந்தீங்களா?”

“நமத்துப் போச்சான்னு எல்லாத்தையும் தொறந்து ஒண்ணொண்ணு கடிச்சுப் பாத்தேன். ஏன்?”

விஷயத்தைச் சொன்னேன். மனிதரின் முகம் விழுந்துவிட்டது. போத்தலைப் பையில் போட்டு அக்கா மகனிடம் கொடுத்தனுப்பியது அவரே. உடனே போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. “தேடி வந்த அக்காவ ஒரு மூடியில தொலைச்சுட்டேன்” என்றார். கோபித்திருந்தால் பதிலுக்குக் கோபித்திருப்பேன். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். பாட்டும் வேண்டாம், கூத்தும் வேண்டாம், இனி கடையிலேயே முறுக்கு வாங்கிக்கொள்கிறேன் முருகா என்று தண்ணீர்மலைக் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

“அம்மா, அத்தை போத்தலை வெறுமையா திருப்பி அனுப்பிட்டா?” என்றாள் கயல்.

அதுதான் எனக்கும் பயம். நம் வீடுகளில் பலகாரம் வந்த பாத்திரத்தை யாராவது வெறுமையாகத் திருப்பித் தருவோமா? ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தானே கொடுப்போம்? வெறும் பாத்திரம் வந்தால் உறவு முடிந்தது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிரில் கதவைத் தட்டும் சத்தம். பத்மா அக்கா! கையில் பசார் பை. “போத்தலத் திருப்பிக் குடுக்க வந்தேன்” என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பையை மேசையில் வைத்தார். வெறும் போத்தலின் ‘ணங்’ கேட்டதா, நிறைந்த போத்தலின் ‘டொம்’ கேட்டதா? என் காது அடைத்துப்போயிருந்தது. கயல்தான் பையைப் பிரித்தாள்.

கழுத்து வரைக்கும் நெய் உருண்டை. மூடியில், பழைய காலண்டர் அட்டையில் கோணல்மாணலாக வெட்டிய தாமரை. அதில்,

*பாட்டிலே உப்பிருக்கு பலகாரத்தில் உப்பில்லை –*
*வீட்டுக்கு வந்தால்தான் விவரமாய்ச் சொல்லித்தாரேன்!*

என் கணவர் அதைப் படித்தார். மறுபடி படித்தார். அப்புறம், அவ்வளவு பெரிய ஆம்பிளை, அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். அப்பாடா! எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

“ஏன்கா போன் எடுக்கல?” என்றார் விசும்பலோடு.

“எடுத்தா பேசிருவேன். பேசிட்டா அப்புறம் எங்க பாட்டு எழுதறது? பாட்டுக்கு எதுகை கெடைக்காம மண்டையப் பிச்சுக்கிட்டேன் லா!”

“கோவமே வரலையாக்கா?” என்றேன் நான், தைரியத்தை வரவழைத்துக்கொண்டு. உண்மையில் அனுப்ப நினைத்த சீமாட்டிப் பாட்டையும் சொன்னேன்.

அக்கா முகத்தைச் சுளித்தார். “சீமாட்டியா? அது வந்திருந்தாதான் கோவம் வந்திருக்கும். ரெண்டு வருஷமா எல்லாரும் எங்கிட்ட ரொம்ப மரியாதையாதான் பேசறாங்க, வெளியாள்கிட்ட பேசற மாதிரி. இந்த மூடியப் பாத்ததும்தான், சரி, இன்னும் நம்மள வீட்டுல பேசிச் சிரிக்கறாங்கன்னு நெனச்சேன்.”

யோசித்துப் பாருங்கள்... நாம் யாரைக் கிண்டல் செய்கிறோம்? எதிர்வீட்டுக்காரரையா, பேங்க் மேனேஜரையா? கோபித்தாலும் நம்மை விட்டுப் போகமாட்டார்கள் என்று நம்புகிற ஆளைத்தானே!

இந்தத் தீபாவளி மதியச் சாப்பாடு சிம்பாங் அம்பாட்டில். பாலத்தில் ஜாம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அக்கா கிளம்பிப் போனதும், யாரும் பார்க்காதபோது எங்கள் போத்தலைத் திறந்து ஒரு முறுக்கைக் கடித்தேன். சத்தியமாக உப்பே இல்லை! எனக்கு வந்ததே ஆத்திரம்... “ஏங்க, எல்லாப் போத்தலையும் தொறந்து கடிச்சுப் பாத்தீங்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

என் கணவர் நெய் உருண்டையை வாயில் அதக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: “சொல்லியிருந்தா நீ பொங்கியிருப்பியே லா!”