இடது காதில் விட்ட எண்ணெய்

பைலட்டுக்கு ஆளே கிடைக்கவில்லையாம். அந்த வருஷங்களில் பேப்பரைப் பிரித்தால் இந்தச் செய்திதான். கம்பெனிகள் புதுசு புதுசாக விமானம் வாங்குகின்றன, ஓட்ட ஆளில்லை, வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிவருகிறார்கள் என்று போட்டிருக்கும். உத்திரமேரூர்ப் பக்கம் மானாம்பதியில் நெல் விளைவிக்கிற வீட்டில் பிறந்த நான், அதையெல்லாம் ஒரு எழுத்து விடாமல் படிப்பேன். பிளஸ் டூவில் பிசிக்ஸ், மேத்ஸ் இரண்டும் எடுத்திருந்தேன். மார்க்கும் இருந்தது. வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்?

"ஏர் ஓட்றவன் பொண்ணு ஏரோப்ளேன் ஓட்டப் போவுதாம்டா" என்று சித்தப்பா டீக்கடையில் சொல்லிச் சிரித்தார். நைனா சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஏரிக்கரையோரத்துக் கழனியை விற்றாவது படிக்க வைக்கிறேன் என்றார். அம்மா அதற்கும் ஒரு படி மேலே. "எம்பொண்ணு மேல பறக்கும். நீ கீழ நின்னு வாயப் பொளந்துகினு பாரு" என்று சித்தப்பாவின் வாயை அடைத்துவிட்டாள்.

சென்னையில் பயிற்சிப் பள்ளிக்காரர் நேர்மையான மனுஷர். "முதல்ல மெடிக்கல் பாஸ் பண்ணும்மா, அப்புறம் பீஸ் கட்டலாம். கண்ணு, காது, இருதயம் எல்லாத்தையும் பார்ப்பாங்க. ஒண்ணு சரியில்லன்னாலும் லைசென்ஸ் கிடையாது" என்றார். இப்படி ஒன்று இருக்கிறதென்றே எங்களுக்குத் தெரியாது. நைனாவுக்கு அறுப்பு நேரம். அதனால் மெடிக்கலுக்கு அம்மாதான் கூட வந்தாள், கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு.

கண் சரி, இருதயம் சரி. காது டாக்டர் மட்டும் என் இடது காதை ரொம்ப நேரம் பார்த்தார். "செவிப்பறையில ஓட்டை இருக்கே. சின்ன வயசுல சீழ் வடிஞ்சுதா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "எண்ணெய் எதுனா விட்டாங்களா? யாரு விட்டது?"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நாந்தாங்க டாக்டர். கெணத்துல குளிச்சிட்டு வந்து காது நோவுது, காது நோவுதுன்னு அயுவும். நல்லெண்ணெயில பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, எங்கையில ஒரு சொட்டு வுட்டுப் பாத்துட்டு, பதமாத்தான் வுடுவேன். ஒரு வாட்டி கூட சூடு பட்டதில்ல." டாக்டர் தன்னைப் பாராட்டப் போகிறார் என்று நினைத்திருக்கிறாள். ஐயோ, அந்த முகம்!

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சீழ் வந்தாலே செவிப்பறை கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம்மா. அதுக்குள்ள எண்ணெய் விட்டா புண்ணு எப்படி ஆறும், ஓட்டை எப்படி மூடும்?" என்று பொறுமையாகச் சொன்னார். இந்தக் காதில் கேட்பதும் குறைவு, மேலே போகும்போது காற்றழுத்தம் மாறினால் தாங்காது. ஆபரேஷன் செய்து பார்க்கலாம், கேட்கிற சக்தி திரும்பினால் மறுபடி டெஸ்டுக்கு வரலாம் என்றார்.

பஸ்ஸில் திரும்பினோம். எனக்குக் கோபம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் யார்மேல் கோபப்படுவது? அழுகிற பிள்ளைக்கு அவளுக்குத் தெரிந்ததைச் செய்தாள். பக்கத்து வீட்டிலும் அதே எண்ணெய்தான். அந்த வீட்டுப் பிள்ளைகள் யாரும் விமானம் ஓட்டவேண்டும் என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். செங்கல்பட்டில் இறங்கும்போது அம்மா கேட்டாள், "அந்தக் காதுல சரியாக் கேக்கலன்னு நீ ஏம்மா சொல்லவே இல்ல?" கேட்கவில்லை என்பதே எனக்குத் தெரியாது என்றேன்.

காதுக்குப் பின்னாலிருந்து சவ்வு எடுத்து ஓட்டையை அடைத்தார்கள். காதில் தண்ணீர் படக்கூடாது. கல்யாண வயசுப் பெண்ணை மணையில் உட்காரவைத்து, காதில் பஞ்சு வைத்து, அதன்மேல் தன் உள்ளங்கையை அழுத்தி மூடிக்கொண்டு, ஒற்றைக் கையால் அம்மா தலைக்கு ஊற்றுவாள். வீட்டில் நல்லெண்ணெய் வாங்குவது நின்றது. ரசத்துக்குப் பூண்டு தட்டிப் போடுவதைக்கூட விட்டுவிட்டாள்.

மறு டெஸ்ட் ஒரு சின்ன அறைக்குள். ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வலது காதில் கொசு முனகுகிற மாதிரி சத்தம்கூடக் கேட்டது, அமுக்கினேன். இடது காதுக்கு மாற்றினார்கள். காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அம்மா என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அமுக்கு, அமுக்கு என்று அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லையே அம்மா, எதற்கு அமுக்குவேன்?

ஓட்டை மூடியிருந்தது, கேட்கிற சக்திதான் போதவில்லை. அன்ஃபிட் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் பி.எஸ்ஸி., பி.எட். முடித்து பிசிக்ஸ் டீச்சர் ஆனேன்.

அதற்குப் பிறகும் பேப்பரில் அந்தச் செய்தி வந்துகொண்டுதான் இருந்தது. ஒருநாள் காலையில் நைனா ஞாபகமில்லாமல் உரக்கப் படித்துவிட்டார், "பைலட்டு இன்னும் பத்தலையாம்." அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "எப்படிப் பத்தும்? ஒருத்திய நான் கெடுத்துட்டேனே." நைனா பேப்பரை மடித்துவிட்டார். மறுநாளிலிருந்து டீக்கடையிலேயே படித்துவிட்டு வந்தார்.

எனக்குக் கல்யாணமாகிப் பெண் பிறந்தது. அதற்கு ஒரு வயசு இருக்கும்போது, மானாம்பதிக்குப் போயிருந்த சமயம், மத்தியானத்தில் காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழுதது. எங்கிருந்தாலும் ஓடிவருகிற அம்மா, வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கை இரண்டையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, "டாக்டராண்ட தூக்கினு போ, டாக்டராண்ட தூக்கினு போ" என்று அதையே சொன்னாள்.

உத்திரமேரூர் டாக்டர் பார்த்துவிட்டு, செவிப்பறை நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொட்டு மருந்து கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அந்த பாட்டிலை அம்மா கையில் வைத்தேன். "நீயே விடும்மா, ரெண்டு சொட்டு. டாக்டர் கொடுத்ததுதான்."

அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். அப்புறம் மூடியைத் திருகி என்னிடமே கொடுத்துவிட்டாள்.

"வேணாம்மா. நீயே வுடு. இதுக்காவது ரெண்டு காதும் இருக்கட்டும்."

நான் மருந்தை விட்டேன். குழந்தை உதைக்காமல் அதன் கால்களைப் பிடித்துக்கொண்டு, அம்மா முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.