பித்தளைக் குண்டானில் பாடிய கல்

கரண்டே இல்லாமல் பாடும் கிரிஸ்டல் செட் ரேடியோ ஒன்றை நானே செய்திருக்கிறேன். ஒரு துண்டுப் படிகக் கல், பனைமரத்தில் கட்டிய கம்பி, உத்திரமேரூர் பழைய சாமான் கடையில் வாங்கிய ஹெட்போன். அவ்வளவுதான்.

இன்று எங்கள் சேரிப் பக்கம் பண்ணையார் வந்தார். அவர் கழுத்திலும் படிகம்தான், ஸ்படிக மாலை.

"இன்னாடா அது? பாட்டு வருதாமே?"

"ஆமாங்க ஐயா. காதுல வெச்சிக்கினு கேளுங்க."

"உன் காதுல வெச்சதையா?"

அவர் வீட்டிலிருந்து பித்தளைக் குண்டான் வந்தது. ஹெட்போனை அதற்குள் போடச் சொன்னார். குண்டான் பாடியது. குனிந்து, கண்ணை மூடி, தலையாட்டிக் கேட்டார்.

"நல்லா கீதுடா. குண்டான நீயே எடுத்துக்கினு போ. இனிமே எங்க வூட்டுக்கு ஆவாது."

குண்டான் தீட்டாகிவிட்டதாம். அதிலிருந்து வந்த பாட்டு மட்டும் எப்படித் தப்பித்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.