மரத் துப்பாக்கியும் பியதாச ராளாமியும்

சினிமாக் கொட்டகையில் வேலை பார்க்கிறவனுக்கு, படத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கும் பாக்கியம் உண்டு. ஐம்பதுகளின் பின்பாதியில், இலங்கை மலைநாட்டில், அட்டன் டவுனில் ஒரு கொட்டகைக்கு நான் விளம்பரக்காரனாக இருந்தேன். கூரையில் ஒலிபெருக்கி கட்டிய ஒரு கிழட்டுக் காரில் தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய், நோட்டீஸ் வீசி, தொண்டை கிழியக் கத்திவிட்டு வருவதுதான் வேலை. முதலாளி சொன்ன கிறுக்குத்தனத்துக்கெல்லாம் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து தன்னைத் தானே திட்டிக்கொண்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், கிட்டே வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே லயத்து வரிசையில் குடியிருக்கிற ஆட்கள்.

இங்கே சொல்லப்போவது முழுக்க ஒரே ஒரு படத்தால் வந்த வினை. மதராசிலிருந்து வந்த படம். ஒரு சாது வாத்தியார், ஒரு மலைக் கொள்ளைக்காரன். இரண்டு பேருக்கும் ஒரே முகம். போலீஸ் ஆள் மாறி வாத்தியாரைத் துரத்தும். அப்புறம் வாத்தியாரும் கொள்ளைக்காரனும் கூட்டாளிகளாகி, ஜமீன்தாரை உதைப்பார்கள். சண்டையும் சிரிப்புமான கதை. கொட்டகைக்கு உள்ளே மட்டும் நடந்திருந்தால் எனக்கும் சிரிப்பு வந்திருக்கும்.

வேஷம் கட்டிய கதை

படம் வந்து இறங்கிய அன்று முதலாளி என்னைக் கூப்பிட்டு ஏற இறங்கப் பார்த்தார். கொள்ளைக்காரன் வேஷத்தில் நான் காரின் முன்னால் உட்கார்ந்து போனால் தோட்டத்து சனம் அள்ளிக்கொண்டு வரும் என்று அவருக்கு முந்தின நாள் தோன்றியிருக்கிறது. நல்ல யோசனைகள் எல்லாம் முதலாளிமாருக்குத்தான் தோன்றும்; அனுபவிக்கிறதுக்கு நாம் இருக்கிறோம்.

எங்கேயோ பிடித்த ஒரு காக்கிக் கோட்டு, யாரோ துரை கழித்துவிட்ட பூட்ஸ், மேலே போர்த்திக்கொள்ள ஒரு கறுப்புக் கம்பளி, தார் பூசிய ஒரு மரத் துப்பாக்கி. மீசைக்கு ஆட்டு மயிர். அதைக் கோந்து போட்டு ஒட்டியதும் மூக்குக்குள் ஆட்டுப்பட்டியே குடிவந்த மாதிரி இருந்தது. படத்து நாயகன் நல்ல புஷ்டியான ஆள். நான் கொழுந்துக் கூடைக்குக் கைகால் முளைத்த மாதிரி இருப்பேன். "எனக்கும் அவருக்கும் மூஞ்சி ஒத்துப்போகலீங்களே, முதலாளி" என்று மெல்ல இழுத்தேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"மூஞ்சி ஒத்துப்போவணும்னு யாருடா அழுதா? சனம் பயந்தா போதும்."

அக்கரப்பத்தனையில் யாரும் பயப்படவில்லை

முதல் சவாரி அக்கரப்பத்தனைப் பக்கம். கார் ஓட்டியது சைமன். நல்லவன், வேதக்காரப் பிள்ளை, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். லைசென்ஸ் மட்டும் கிடையாது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்ததும் அவன் காரை நிறுத்தினான். நான் பானெட்டின்மேல் ஏறி நின்று, துப்பாக்கியை நீட்டி, "ஹா! ஹா! ஹா!" என்று சிரித்தேன். கோந்து காய்ந்து போயிருந்ததால் மீசையின் ஒரு பக்கம் கழன்று வாய்க்குள் போய்விட்டது. இருமினேன்.

யாரும் ஓடவில்லை. ஒரு பெண், காமன் கூத்துக்கு இன்னும் நாள் கிடக்கிறதே, அதற்குள் யமன் வேஷம் கட்டியாயிற்றா என்று விசாரித்தாள். நான் யமன் இல்லை, கொள்ளைக்காரன் என்று ஒலிபெருக்கியிலேயே விளக்கம் கொடுத்தேன். ஒரு கொள்ளைக்காரன் இதற்குமேல் தாழ முடியாது. அவள் பக்கத்தில் நின்ற இன்னொருத்தி கொழுந்து எடுக்கிற கையை நிறுத்தாமல் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"கொள்ளையடிக்க வந்தவரு மாதிரி இல்லீங்க, எல்லாத்தையும் பறிகுடுத்துட்டு வந்தவரு மாதிரி இருக்கு."

பூண்டுலோயா ரோட்டில் பிடிபட்டேன்

அடுத்த வாரம் பூண்டுலோயாப் பக்கம் போனோம். அங்கே ஒரு தோட்டத்துத் துரையின் பங்களாவிலிருந்து துப்பாக்கி காணாமல் போயிருந்தது எங்களுக்குத் தெரியாது. கம்பளி போர்த்திய, மீசை வைத்த, கறுத்த தமிழன் ஒருவனைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்ததும் தெரியாது. அந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு மலைநாட்டில் பாதிப் பேரைப் பிடிக்கலாம். ஆனால் கம்பளி, மீசை, துப்பாக்கி மூன்றோடும் நடுரோட்டில் தயாராக நின்றவன் நான் ஒருவன்தான்.

ஏற்றத்தில் கார் கொதித்துவிட்டது. சைமன் தண்ணீர் பிடிக்கக் கீழே பீலிக்குப் போனான். நல்ல பனிமூட்டம். அதற்குள்ளிருந்து சைக்கிளில் வந்தார் ஒரு கான்ஸ்டபிள். என்னைப் பார்த்தவர் "ஹொரா!" என்று ஒரு சத்தம் போட்டார். கள்ளன் என்று அர்த்தம் புரிந்ததும், நான் துப்பாக்கியோடு கையைத் தூக்கினேன். நான் சுடப்போகிறேன் என்று நினைத்து அவர் என்மேல் பாய்ந்தார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்தபடி தேயிலைச் செடிகளுக்கு நடுவே உருண்டு, கீழே தண்ணீர் ஓடும் கானுக்குள் போய் விழுந்தோம். நான் ஓடிவிடக் கூடாதென்று விலங்கில் ஒரு வளையத்தை என் கையிலும் மற்றதைத் தன் கையிலும் மாட்டிய பிறகுதான், சாவியைத் தேடினார். அது உருண்ட வழியில் எங்கேயோ விழுந்திருந்தது. மலை முழுக்கத் தேயிலை. அதற்குள் எங்கே போய்த் தேடுவது?

தட்டுத்தடுமாறி ரோட்டுக்கு ஏறினால் கார் இல்லை. சைமன் தண்ணீரோடு வந்தவன், ரோட்டில் கிடந்த போலீஸ் சைக்கிளைப் பார்த்ததும் தண்ணீரை ஊற்றி, காரைத் திருப்பிப் பறந்துவிட்டான். தூரத்து வளைவில் ஒலிபெருக்கிப் பாட்டு மட்டும் கேட்டது. மறுநாள் அவன் சட்டையைப் பிடித்துக் கேட்டபோது மிகவும் வருத்தப்பட்டான்.

"ஒன்னத்தான் புடிக்க வந்தாங்கன்னு தெரிஞ்சிருந்தா நின்னிருப்பேன்டா. என்னையின்னு நெனச்சுட்டேன்."

யார் கள்ளன்?

ஸ்டேஷன் வரைக்கும் நடந்தோம். ஒரு கையால் அவர் சைக்கிளைத் தள்ள, மற்றக் கையில் நான் தொங்க. அவர் பெயர் பியதாச. வலப்பனைக்காரர். கான்ஸ்டபிள்மாரை எங்கள் பக்கம் மரியாதையாக ராளாமி என்போம். கொஞ்சம் தமிழ் பேசுவார், நான் கொஞ்சம் சிங்களம் பேசுவேன். இரண்டையும் கூட்டினாலும் ஒரு முழு மொழி தேறாது. துப்பாக்கி மரம் என்பதை அவர் அதற்குள் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். மனிதருக்கு அவமானம் தாங்கவில்லை. என் மீசை பாதி அவர் தோளில் ஒட்டியிருந்தது. அதை எடுத்து, ரொம்ப மரியாதையாக என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

மழை பிடித்துக்கொண்டது. கானில் நனைந்திருந்த மனிதர் கிடுகிடுவென்று நடுங்கினார். பார்க்கச் சகிக்கவில்லை. என் கம்பளியைக் கழற்றி, கொழுந்து எடுக்கிறவர்கள் போடுவது மாதிரி அவர் தலையோடு கொங்காணி போட்டுவிட்டேன். அதற்குள் அவர் தொப்பிக்கு இடமில்லாததால் அதை அவரே எடுத்து என் தலையில் வைத்தார். காக்கிக் கோட்டும் போலீஸ் தொப்பியுமாக நான். கம்பளிக்குள் சேறு பூசிய முகத்தோடு அவர். "நீ ஓட வேணாம். நானும் ஓட வேணாம். வழுக்கும்" என்றார். என்னைக் கைது செய்தவர்களிலேயே நியாயமாகப் பேசிய மனிதர் அவர்தான்.

வழியில் ஒரு கணக்கப்பிள்ளை குடையோடு எதிர்ப்பட்டார். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆட்களை அதட்டி அதட்டியே பழகிய குரல். என்னைப் பார்த்ததும் அந்தக் குரல் எங்கே போயிற்றோ, குடையை மடக்கிச் சலாம் வைத்தார். பிறகு பியதாசவை எட்டிப் பார்த்துக் காறித் துப்பினார். பியதாச கம்பளியை முகம் மறைய இழுத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை, வாழ்க்கையில் முதல் சலாம், அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

"கெட்டியாப் புடிச்சுக்கங்க, ராளாமி. பாத்தாலே தெரியுது, திருட்டு மூஞ்சி!"

இன்ஸ்பெக்டர் கேட்ட ஒரு கேள்வி

ஸ்டேஷனில் விலங்கை அறுக்க ஆசாரியை வரவழைத்தார்கள். அவர் அரத்தால் ராவிக்கொண்டிருக்க, சிரித்து முடித்த இன்ஸ்பெக்டர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். "நீ எந்த நாட்டுக்காரன்?" அந்தக் காலத்தில் அதைச் சாதாரணமாகக் கேட்டால்தான் ஆபத்து. இந்தியாவைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். பிறந்தது இங்கே, அதே பூண்டுலோயாவில், ஒரு தோட்டத்து லயத்தில். ஆனால் சுதந்திரம் வந்த கையோடு, இந்திய வம்சாவளி என்று சொல்லி எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமையை எடுத்துவிட்டார்கள். கடிதாசி எதுவும் என் கையில் இல்லை. கள்ளத்தோணியில் வந்தவன் என்று ஒருவர் எழுதிவிட்டால், தடுப்பு முகாமில் வைத்து, கப்பலேற்றி, நான் பார்த்தேயிராத ஓர் ஊரில் இறக்கிவிடுவார்கள். ஒரு நாடே ஆளைத் தெரியாமல் நிற்கும்போது ஒரு கான்ஸ்டபிளை நொந்து என்ன புண்ணியம்?

அப்போது பியதாச, விலங்குக் கையை உயர்த்தினார். கூடவே என் கையும் உயர்ந்தது. "இவன் இங்கே பிறந்தவன் சேர். சின்ன வயசிலிருந்து எனக்குத் தெரியும். ஓயாவில் ஒன்றாகக் குளித்து வளர்ந்தவர்கள்" என்று சிங்களத்தில் அடித்துச் சொன்னார். நான் இங்கே பிறந்தது உண்மை. அந்த ஆற்றில் ஒன்றாகக் குளித்தது அவர் சொந்தக் கற்பனை. ஆசாரி அரத்தை நிறுத்திவிட்டார். இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரின் சேற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அவ்வளவு நன்றாகத் தெரிந்தவனுக்கு ஏன் விலங்கு மாட்டினாய்?" என்று கேட்டார். பியதாசவின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"நல்லாத் தெரிஞ்சதாலதான் சேர் மாட்டினேன்."

துரையின் துப்பாக்கி கிடைத்தது

ஆளை விட்டுவிட்டார்கள். ஆனாலும் கம்பளி போர்த்திய இரண்டு மூன்று பேரை அதே தோட்டத்தில் பிடித்து வைத்து விசாரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு துப்பாக்கி கிடைத்தது. துரை அதை அட்டனில் வெள்ளைக்காரர்கள் கூடும் கிளப்பில், உட்கார்ந்து குடித்த நாற்காலிக்குப் பின்னால் சாத்தி வைத்துவிட்டு வந்திருக்கிறார். கிளப்காரர்கள் துடைத்து, எண்ணெய் போட்டு, பத்திரமாக அனுப்பி வைத்தார்கள். போலீஸ்காரர்கள் பிடித்து வைத்திருந்த ஆட்களையும் அனுப்பினார்கள், துடைக்கவில்லை.

துரை மன்னிப்புக் கேட்டாரா என்று, படம் பார்க்க வந்த பங்களா சமையல்காரரிடம் ஆசையாக விசாரித்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தொரை வச்ச எடத்த மறந்தா அது மறதிங்க. அதுக்கும் நம்மளத்தான் புடிப்பாங்க."

பியதாச படம் பார்த்த விதம்

ஒரு விடுமுறை நாளில் பியதாச மாட்னி ஷோவுக்கு அட்டன் வந்தார். தன்னை இவ்வளவு பாடுபடுத்திய படத்தைப் பார்த்தே தீருவது என்று. பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பது என் பொறுப்பு. நானும் அந்தப் படத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்பதை எப்படிச் சொல்வது? என் சிங்களத்தில் வாத்தியாரின் அம்மா அவருக்குப் பெண்டாட்டியாகி, ஜமீன்தார் வைத்தியராகிவிட்டார். சனம் சிரித்த இடத்தில் பியதாச கண்ணைத் துடைத்தார். சனம் அழுத இடத்தில் தொடையைத் தட்டிச் சிரித்தார். முன் வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பி முறைத்தார்கள்.

ஆனால் படத்துப் போலீஸ் வாத்தியாரைப் பிடித்து விலங்கு மாட்டிய இடத்துக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. பியதாச துள்ளி எழுந்து, திரையைப் பார்த்துக் கையை நீட்டி, "அவன் இல்லையடா, மற்றவன்! மற்றவன்!" என்று சிங்களத்தில் கத்தினார். கொட்டகை முழுக்க விசில் பறந்தது. பின்னாலிருந்து, அவரைத் தெரிந்த ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார்.

"அப்பாடா, ஒரு போலீசாவது ஆளச் சரியாக் கண்டுபுடிச்சாரே!"

வலப்பனையில் விருந்து

கொஞ்ச நாளில் பியதாசவுக்குத் தெற்கே மாற்றல் வந்தது. போகுமுன் தங்கச்சி கல்யாணத்துக்கு வலப்பனைக்குக் கூப்பிட்டார். எங்கள் பக்கத்திலும் சரி, அவர் பக்கத்திலும் சரி, அது வழக்கமில்லாத வழக்கம். இருக்கிறதில் நல்ல உடுப்பு என்று தேடினால், அந்தக் காக்கிக் கோட்டுதான் இருந்தது. துவைத்துப் போட்டுக்கொண்டு போனேன். வாசலிலேயே அவர் அம்மா என்னைக் கண்டு பதறிப்போய், வெள்ளைத் துணி விரித்த நாற்காலியில் உட்கார வைத்து, வெற்றிலைத் தட்டை நீட்டினார். மகனின் இன்ஸ்பெக்டர் என்று நினைத்துவிட்டார்.

நான் பியதாசவைப் பார்த்தேன். அவர் தூரத்தில் பலகாரத் தட்டோடு நின்று, சும்மா இரு என்று கண்ணால் சொன்னார். பிறகு விறைப்பாக வந்து, எனக்கு ஒரு சல்யூட் அடித்து, எண்ணெயில் பொரித்த கொண்டைப் பலகாரம் வைத்தார். நானும் எழுந்து, பலகாரக் கையாலேயே பதில் சல்யூட் அடித்தேன். புறப்படும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டார்.

"என் மகன் கொஞ்சம் அவசரக்காரன், மாத்தயா. ஆனா மனசு நல்லது, ரொம்பத் திட்டிடாதீங்க."

கள்ளன், யமன், போலீஸ்காரன், இன்ஸ்பெக்டர் என்று நான் சொல்லாததையெல்லாம் நம்பிய இந்த மலைநாட்டில், இங்கேயே பிறந்தவன் என்று வாயைத் திறந்து சொன்னால் மட்டும் சாட்சி கேட்டார்கள்.