மூன்றாம் ஓலைக்கு முன் சத்தம் அடங்கிய கார்

என் அக்கா அக்னெஸ் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாலும், கூண்டுக்குள் இருப்பது சுவாமியார்தானா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் முழந்தாளிடுவாள். தெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கினால் முதலில் திகதியைப் பார்ப்பாள், பிறகு கடைக்காரனின் முகத்தைப் பார்ப்பாள். இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, ரொக்ஸ்பரோவில் அக்கா குடும்பம் வீடு வாங்கிய வருடம் புதுச் சோபாவின் பச்சைப் பூப்போட்ட குஷன் ஒன்று காணாமல் போனது. அந்த வாரம் அங்கே போய் வந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே எடுத்தவளும் நான்தான். அன்றிலிருந்து என் வீட்டுக்கு வந்தால் அவளுடைய கண் முதலில் என் சோபாவுக்குத்தான் போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூடப்பிறந்தவளைக் கள்ளியாக்கிவிட்டுத் தேத்தண்ணியும் கேட்பாள்.

ஊரில், பேசாலையில், எங்கள் அப்பாவுக்கு மீன்பிடி வள்ளங்கள் இருந்தன. கடலில் புள்ளியாகத் தெரிய முன்னரே, எஞ்சின் சத்தத்தை வைத்து, வருவது இன்னாருடைய வள்ளம், இன்றைக்கு எஞ்சினுக்குச் சுகமில்லை என்று அக்கா சொல்லுவாள். சொன்னது பிழைத்ததில்லை. அந்த வயதிலிருந்தே மனிதர் சொல்வதை அவள் நம்பவில்லை, சத்தத்தைத்தான் நம்பினாள். இங்கே புவாண்ட்-கிளேரில் அவள் பெட்டி அடைக்கும் பண்டகசாலையிலும், பெல்ட் ஓடும் சத்தம் கொஞ்சம் மாறினால் முதலில் கையை எடுப்பவள் அவள்தான்.

2006 இல் அவளுடைய மகள் ஜென்சி, றொக்சன் என்ற பொடியனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். குருநகர் ஆட்கள். அக்கா ரெலிபோனை எடுத்துக்கொண்டு இருந்து, தெரிந்த வீடெல்லாம் விசாரித்தாள். எல்லோரும் நல்ல பொடியன் என்றார்கள்.

"எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லீனம் எண்டால், ஆரோ சொல்லிக் குடுத்திருக்கினம்," என்றாள் அக்கா.

பிறகு பொடியன் காரில் வந்தான். அறுபத்தொன்பதாம் ஆண்டுச் செவெல், நீலம், கண்ணாடி போல மினுக்கியிருந்தான். ஆனால் வாசலில் நின்ற கார் டம், டம்டம், டம் என்று விக்கி விக்கிக் குலுங்கியது. அக்கா திரைச்சீலைக்குப் பின்னால் நின்று காதைக் கொடுத்தாள்.

"வெளியிலை பெயின்ற், உள்ளுக்கை உக்கல். ஒரு சிலிண்டர் செத்துப் போச்சு. எஞ்சினை இப்பிடி வைச்சிருக்கிறவன் பெண்சாதியை எப்பிடி வைச்சிருப்பான்?"

தேத்தண்ணி குடிக்கும்போது அதை அவனுடைய முகத்துக்கே கேட்டுவிட்டாள். அவன் கோபிக்கவில்லை.

"இல்லை மாமி, வேணுமெண்டுதான் அப்பிடி வைச்சிருக்கிறன். எஞ்சினுக்கை கேம்ஷாஃப்ட் எண்டு ஒரு தண்டு சுத்தும். அதிலை இருக்கிற மேடுகள்தான் வால்வுகளைத் திறக்கிறது. என்ரை தண்டிலை மேடு பெரிசு. புகை போற வால்வு மூட முதலே காத்து வாற வால்வு திறந்திடும். ரெண்டும் கலக்கிறதாலை நிக்கேக்கை தடக்கும். ஓட வெளிக்கிட்டால் பறக்கும். புகைக்குழாயையும் கட்டையா வெட்டி, சைலென்சருக்குள்ளை ஒண்டும் இல்லாமல் விட்டிருக்கிறன். அதாலை தடக்கிறது அப்பிடியே வெளியிலை கேக்கும்."

"சுகமா நடக்கிறவன் வேணுமெண்டு நொண்டுவானோ?"

"அந்தச் சத்தத்துக்காகத்தான் மாமி காரே."

அக்காவின் சந்தேகம் இன்னும் ஒரு முழம் வளர்ந்தது. நல்ல எஞ்சினை நோயாளி போலக் காட்டுகிறவன் வேறு எதை எப்படிக் காட்டுவானோ என்று என்னிடம் கேட்டாள்.

அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. அக்கா வீட்டுத் தெருமுனையில் றொக்சன் அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால், குழாய்க்குள் மிச்சப் பெற்றோல் எரிந்து படபடவென்று வெடிக்கும். அது கேட்டதும் அக்காவின் கணவர் சவிரிமுத்து அத்தான் எழுந்து பேஸ்மென்ருக்குப் போய்விடுவார். கேட்டால், உடுப்புக் காய்ந்ததா என்று பார்க்கப் போனேன் என்பார். அந்த மனிதர் வாழ்நாளில் உடுப்புக் காயப்போட்டதில்லை.

"அந்தாளுக்குப் பொடியனைப் பற்றி ஏதோ தெரியும்," என்றாள் அக்கா. "முகத்தைப் பாக்கேலாமல்தான் கீழை ஓடுது."

கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை பெண்ணின் பெயரைச் சொல்லி, தடை தெரிந்தவர்கள் அறிவியுங்கள் என்று கேட்பது எங்கள் வழக்கம். மற்ற வீடுகளில் அந்த நேரம் பெண் வெட்கப்படுவாள். எங்கள் ஜென்சி, தாய் எழும்பிவிடுவாளோ என்று நடுங்கிக்கொண்டு இருந்தாள். இரண்டாம் ஓலை முடிந்து வெளியே வரும்போது அக்கா சனம் கேட்கவே சொன்னாள்: "மூண்டாம் ஓலைக்குள்ளை எனக்கு உண்மை தெரியவேணும். இல்லாட்டி நானே எழும்பித் தடை சொல்லுவன்." சொன்னால் செய்கிறவள்.

அடுத்த சனிக்கிழமை நான் அக்கா வீட்டில் பயத்தம் பணியாரத்துக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். வாசல் மணி அடித்தது. திறந்தால் றொக்சன். பின்னால் நீலக் கார் நிற்கிறது. அது வந்தது எங்கள் ஒருவருக்கும் கேட்கவில்லை.

அக்காவின் முகம் மாறிவிட்டது. "சத்தம் போட்டு வந்தவன் சத்தமில்லாமல் வாறான். கள்ளன்தான் செருப்பைக் கழட்டிப்போட்டு வருவான்," என்றபடி இறங்கிப் போனாள். ஸ்ரார்ட் பண்ணச் சொன்னாள். எஞ்சின் ஒரு விக்கலும் இல்லாமல் ஓடியது. முன்பக்கம் காது வைத்துக் கேட்டாள், பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள்.

"தண்டை மாத்திப்போட்டாய். சைலென்சரும் வேறை. குழாயும் பின்னுக்கு வரைக்கும் நீண்டிருக்கு. ஏன்?"

"சும்மா மாமி. பெற்றோல் மிச்சம்."

"பொய். ஆருக்கு ஒளிச்சுத் திரியிறாய்? நாளைக்கு நான் சாமியாரிட்டைச் சொல்லத்தான் போறன்."

ஜென்சி அழத் தொடங்கினாள். றொக்சன் வீட்டு வாசலைப் பார்த்தான். அங்கே அத்தான் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். அந்தக் கார் ஓடிக்கொண்டிருக்கும்போது அவரை மேலே கண்டது அன்றைக்குத்தான்.

"அவனை விடு அக்னெஸ்," என்றார். "நான்தான் சொல்லவேண்டாம் எண்டனான். அந்தக் கார் முனையிலை வெடிக்கேக்கை எனக்குத் தம்பியின்ரை வள்ளம்தான் கண்ணுக்குள்ளை வரும்."

தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குத் தப்பி அவரும் தம்பியும் இராமேஸ்வரத்துக்குப் போன வள்ளத்தில் துப்பாக்கிச் சூடு விழுந்தது. தம்பி அவருடைய மடியில் செத்தார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் கதைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கதிரை எடுக்கக் கீழே போன றொக்சன், உடுப்புக் காயவைக்கும் மெஷினுக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு இருந்த மனிதரைக் கண்டிருக்கிறான். அந்த வாரமே லவாலில் ஒரு கூட்டாளியின் கராஜில் எஞ்சினைக் கழற்றிவிட்டான். அந்தத் தண்டுக்காக ஒரு பனிக்காலம் முழுக்க அலைந்தவன் அவன் என்று ஜென்சி பிறகு சொன்னாள்.

அக்கா உள்ளே போய், பேஸ்மென்ருக்குப் படியிறங்கினாள். எனக்குப் பயமாக இருந்தது, பின்னால் போனேன். மெஷினுக்குப் பின்னால் ஒரு செபமாலை கிடந்தது. அதற்குப் பக்கத்தில் பச்சைப் பூப்போட்ட குஷன், நடுவில் நசிந்து பள்ளமாகிக் கிடந்தது. இப்போது பாரடி என்று கத்த வாய் உன்னியது. ஆனால் அவள் அந்தக் குஷனிலேயே இருந்துவிட்டாள்.

"காருக்கு எத்தினையோ வருஷம் முதலே இஞ்சை வந்து இருந்திருக்கிறார், றோசா. சென் ஜோன் பெருநாள் வாணவேடிக்கைக்கும் இஞ்சைதான் போலை." செபமாலையை எடுத்து மடியில் வைத்தாள். "கடலிலை வாற வள்ளமெல்லாம் எனக்குக் கேட்டுது. என்ரை மனிசன்தான் எனக்குக் கேக்கேல்லை." சொல்லிவிட்டு அழுதாள்.

மறுநாள் மூன்றாம் ஓலை. தடை தெரிந்தவர்கள் அறிவியுங்கள் என்றபோது அரைவாசிக் கோயில் திரும்பி அக்காவைப் பார்த்தது. அவள் எழும்பவில்லை. பூசை முடிந்ததும் றொக்சனின் காரில் முன்சீற்றில் ஏறி, கதவைப் பலமாகச் சாத்தாதே என்று எனக்கு அதட்டல் வேறு.

கலியாணம் முடிந்து, ஜூனில் சென் ஜோன் நாளன்று நான் அங்கே போனேன். வெளியே வாணம் வெடிக்கத் தொடங்கியிருந்தது. ஜென்சியும் றொக்சனும் மட்டும் ரீவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா எங்கை?"

"கீழை, சின்னம்மா. அப்பாவோடை."

இருக்கப் போன நான் சோபாவைப் பார்த்தேன். இப்போது இரண்டு குஷன்கள் இல்லை.