அறைக்கு நாலு பேர்

மூன்றாம் ஆண்டில் புராஜெக்ட்டுக்காக எங்கள் வகுப்புப் பெண்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். பி.எஸ்சி. தகவல் அமைப்பியல். விருதுநகரில் எங்கள் தெருவில் அது என்ன படிப்பு என்று யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள்.

எனக்கு ஜோடியாக வாய்த்தவள் சாத்தூர் பக்கத்து ஊர்க்காரி. அவள் பஸ் தினமும் முதல் வகுப்பு பாதி முடிந்த பிறகுதான் வந்து சேரும். அதனால் வகுப்பில் அவளுக்குப் ‘பத்து மணி’ என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவரே எங்கள் துறைத் தலைவர்தான். அவள் வாசலில் வந்து நின்றதும், பத்து மணி அடித்துவிட்டதாகச் சொல்லிக் கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தைத் திருப்பிப் பார்ப்பார். எல்லாரும் சிரிப்போம். அவளும் சிரித்துக்கொண்டே வந்து உட்காருவாள். அவளோடு சேர எனக்கு விருப்பமில்லை. வருகைப் பட்டியலில் எங்கள் எண்கள் அடுத்தடுத்து இருந்தன, அவ்வளவுதான்.

ஆனால் புராஜெக்ட் அவளால்தான் கிடைத்தது. அவளுடைய அம்மா ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தார். அங்கே தினமும் யார் வேலைக்கு வந்தார்கள், எந்த அறையில் உட்கார்ந்தார்கள் என்பதை நோட்டில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதைக் கம்ப்யூட்டரில் செய்து தர முடியுமா என்று மேனேஜர் கேட்டதாக வந்து சொன்னாள். மற்றவர்கள் போன வருடத்து நூலகப் புராஜெக்ட்டைப் பெயர் மாற்றிக்கொண்டிருந்தபோது எங்களுக்கு மட்டும் நிஜமான கம்பெனி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சோதித்துப் பார்க்க ஃபோர்மேனின் நோட்டை வாங்கி வந்து இரண்டு வாரத்துப் பெயர்களை ஏற்றினோம். அவள் வாசித்தாள், நான் அடித்தேன். ஏழாம் அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஐந்தாவதாக வந்த பெயரை வாசிக்கும்போது அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. யார் என்று கேட்டேன். அம்மா என்றாள்.

நாங்கள் செய்ததை மேனேஜர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். ஏழாம் அறைக்கு வந்ததும் நிறுத்தினார். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது என்பது சட்டம், அது எங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன்.

“அப்ப நாலுக்கு மேல போட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்கக் கூடாது பாப்பா. அம்புட்டுத்தான்.”

அவள் தரையைப் பார்த்தபடி, “எங்கம்மா ரூம்ல எட்டுப் பேரு இருக்காகளே சார்” என்றாள்.

“இருக்கட்டும். கம்ப்யூட்டர்ல இருக்க வேண்டாம்.”

அவர் கோபப்படவில்லை. எங்களுக்குக் குடிக்கக் கலர் வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள், இது தப்பில்லையா என்று கேட்டாள். சட்டத்தைத்தானே எழுதப் போகிறோம், இதில் என்ன தப்பு என்றேன். அவள் விடவில்லை. நான் எரிச்சலோடு, வைவாவில் கேள்வி கேட்கப்போவது உன் அம்மா இல்லை என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். லேப்டாப் என்னுடையது. அன்று சாயங்காலமே எழுதி முடித்தேன், மொத்தம் இருபது வரிகூட இருக்காது. நாலு பெயருக்குப் பிறகு எந்தப் பெயரை அடித்தாலும் சிவப்பு எழுத்தில், ‘இந்த அறையில் இவருக்கு இடமில்லை’ என்று வரும்.

வைவா அன்றைக்கும் அவள் பஸ் தாமதம். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் முன்னால் கால் மணி நேரம் நான் தனியாக நின்றேன். வியர்த்து ஊற்றிக்கொண்டு அவள் உள்ளே வந்தபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அறைக் கட்டுப்பாட்டை ஓட்டிக் காட்டச் சொன்னார் தேர்வாளர். நாலு பெயர்களை அடித்தேன். ஐந்தாவதாக அவள் அம்மாவின் பெயரை அடித்தேன். கைக்கு வந்த பெயர் அது என்று பின்னால் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். அவள் பார்க்கட்டும் என்றுதான் அடித்தேன்.

சிவப்பு எழுத்து வந்தது. பிரமாதம் என்றார் தேர்வாளர். துறைத் தலைவருக்கும் குஷி. அவள் பக்கம் திரும்பி, “பத்து மணி, இதுல நீ என்னம்மா செஞ்ச?” என்று கேட்டார்.

“பேரு வாசிச்சேன் சார்.”

அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்த வருடம் புராஜெக்ட்டில் எனக்குத்தான் முதல் மதிப்பெண்.

மே மாதம் அந்த ஆலையில் வெடித்தது. மத்தியானச் சோற்றுக்கு எழுந்திருக்கும் நேரத்தில், ஏழாம் அறை.

என் அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், அப்போது தீக்காய வார்டில் டூட்டி. வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்தார். ஒரு பொம்பளைக்கு ஊசி போட உடம்பில் இடமே இல்லை, என் மகள் இன்ன காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாள் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறது என்றார். எங்கள் காலேஜ் பெயர். யார் என்று நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அந்த அம்மா இறந்துபோனார்.

ஏழாம் அறையில் நாலு பேர்தான் இருந்தார்கள் என்று ஆலையில் சொன்னார்கள். கம்ப்யூட்டரிலிருந்து பட்டியலை எடுத்துப் போலீசிடமும் கொடுத்தார்கள். அவள் அம்மா அதில் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்குச் சோறு கொண்டுவந்த வெளியாள் என்று போலீசில் எழுதிக்கொண்டார்கள். வெளியாளுக்கு நஷ்டஈடு கிடையாது. கூட வேலை செய்த பெண்களுக்கு மறுபடியும் அங்கேதான் வேலைக்குப் போக வேண்டும். யாரும் பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. முதலில் ஏற்றிய இரண்டு வாரத்துப் பெயர்கள் என்னிடம் இருக்குமே, அது மட்டும் வேண்டும் என்றாள். அவள் அம்மா ஏழாம் அறை ஆள்தான் என்று காட்ட வேறு ஒன்றும் இல்லை. நோட்டைக் கொளுத்திவிட்டார்களாம்.

லேப்டாப் உள்ளே மேசைமேல் திறந்தே இருந்தது. சென்னையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது, ஜூனில் சேர வேண்டும். என் அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்றார். வார்டில் அவள் அம்மாவின் தலைமாட்டில் நின்று ஜெபம் செய்தவர். என் முழங்கைக்கு மேலே பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார்.

“அழிச்சிட்டேன்” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். “நீ ஒண்ணையும் அழிக்க மாட்டியே. எல்லாத்தையும் தேதி போட்டு வச்சிருப்பியே.”

“சிஸ்டம் போயிருச்சு. அதோட எல்லாம் போச்சு.”

காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார் அம்மா. பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். தெருமுனை தாண்டும்வரை பார்த்துவிட்டு உள்ளே போய் அந்தப் பெயர்கள் இருந்த ஃபைலை அழித்தேன். பென்டிரைவில் இருந்ததையும் அழித்தேன். அவளிடம் சொன்னதை உண்மையாக்கிவிட்டால் மனசு அடங்கிவிடும் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் அடங்கியும்தான் இருந்தது.

அவள் படிப்பைப் பார்த்து, இரக்கப்பட்டு, அதே மேனேஜர் அவளுக்கு ஆலை அலுவலகத்தில் வேலை கொடுத்தார். தினமும் காலையில் ஆட்களின் பெயரை ஏற்றுகிற வேலை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ இதைப் போட்டதும் எல்லாரும் கைதட்டும் படம் போட்டார்கள். நானும் போட்டேன்.

போன தீபாவளி சீசனில் ஆபீஸ் ஆட்களுக்குப் பட்டாசுப் பெட்டி வாங்க அந்த ஆலை அலுவலகத்தோடு சேர்ந்த கடைக்கே போக வேண்டியதாயிற்று. வேறு கடைக்குப் போயிருக்கலாம். அவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன் போலிருக்கிறது. ஆர்டர் எழுதும் இடத்தில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரே பெஞ்சில் மூன்று வருடம் வாடி போடி என்று பேசிக்கொண்டவர்கள் நாங்கள்.

“வாங்க. எப்ப வந்தீக?” என்றாள். “எத்தனை பெட்டி வேணும் உங்களுக்கு?”

பன்னிரண்டு என்றேன். எழுதிக்கொண்டாள். உட்காரச் சொன்னாள், பெட்டிகள் வந்து சேரும் வரைக்கும் ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டாள். ஒரு வார்த்தை குறைவாகவும் பேசவில்லை, கூடுதலாகவும் பேசவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, “நீங்க சொல்லுங்க” என்றாள்.